அடினோசின்: தட்டுப்பாட்டை அறிவிக்கும் மூலக்கூறு

1929ஆம் ஆண்டில், ஒரே பொருளின் இரண்டு முகங்கள் ஒன்றையொன்று அறியாமல் வெளிச்சத்துக்கு வந்தன. ஜெர்மனியில் கார்ல் லோமனும், அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் பிஸ்கே, எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆகிய இருவரும், உயிரணு தன் வேலைகளுக்கு எரிபொருளாகச் செலவிடும் அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் ஏடிபியைத் தசையிலிருந்து தனித்தனியே பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆலன் ட்ரூரியும் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜியும், இதயத் தசையின் சாற்றை விலங்குகளின் இரத்தத்தில் செலுத்தினால் இதயத் துடிப்பு மெதுவாகிறது, இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் விரிகின்றன என்று கண்டு, அந்த விளைவுக்குக் காரணம் அடினோசினும் அதன் நெருங்கிய உறவுச் சேர்மமும்தான் என்று நிறுவினார்கள். முதல் கண்டுபிடிப்பு உயிரணுவின் ஆற்றலைப் பற்றியது. இரண்டாவது, உயிரணுக்களிடையே போகும் செய்தியைப் பற்றியது. இரண்டும் ஒரே கதையின் பகுதிகள் என்பது தெளிவாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அடினோசினைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் காரணமே அந்த இணைப்புதான்.

சுப்பாராவைப் பற்றி ஒரு சொல் சொல்லியாக வேண்டும். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1920களின் தொடக்கத்தில் பாஸ்டனுக்குச் சென்றவர் அவர். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பேட்டை அளக்க அவரும் பிஸ்கேயும் 1925இல் வெளியிட்ட முறையை, தமிழ்நாட்டில் உயிர்வேதியியல் படிக்கும் மாணவர்கள் இன்றும் செய்முறை வகுப்பில் செய்கிறார்கள். மாலிப்டேட் கரைசலைச் சேர்த்து நீல நிறம் எழும்வரை காத்திருந்து, அந்த நிறத்தின் அடர்த்தியைக் கருவியில் படிக்கும் அந்தச் சோதனையை நானும் பலமுறை செய்திருக்கிறேன். அதன் பெயரில் இருக்கும் சுப்பாராவ், நாங்கள் படித்த இடத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கல்லூரியில் படித்தவர் என்பதை எங்களுக்கு எவரும் சொல்லவில்லை. இப்போது நான் வகுப்பெடுக்கும்போது சோதனைக் குழாயைக் கையில் எடுப்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுகிறேன்.

அடினோசினின் அமைப்பு எளிமையானது. அடினின் என்னும் நைட்ரஜன் காரமும், ரைபோஸ் என்னும் ஐந்து கார்பன் சர்க்கரையும் ஒரே பிணைப்பால் சேர்ந்தால் அடினோசின். இவ்வாறு காரமும் சர்க்கரையும் மட்டும் சேர்ந்த சேர்மங்களை நியூக்ளியோசைடு என்கிறோம். சர்க்கரையின் முனையில் ஒரு பாஸ்பேட் ஏறினால் அது ஏஎம்பி, இரண்டு ஏறினால் ஏடிபியின் முந்தைய நிலையான அடினோசின் டைபாஸ்பேட், மூன்று ஏறினால் ஏடிபி. ஆர்என்ஏ இழையின் நான்கு எழுத்துகளில் ஒன்று இதிலிருந்தே வருகிறது. என்ஏடி, எஃப்ஏடி, கோஎன்சைம் ஏ போன்ற துணைநொதிகள் ஒவ்வொன்றிலும் அடினோசினின் உடல் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. உயிரின் இத்தனை இடங்களில் இதுவே ஏன் அமர்ந்தது என்பதற்கு ஒரு தடயம் உண்டு: அடினின், ஐந்து ஹைட்ரஜன் சயனைடு மூலக்கூறுகள் சேர்ந்தால் கிடைக்கும் அதே அணுக்கணக்கைக் கொண்டது. 1960இல் ஜுவான் ஓரோ, அமோனியம் சயனைடு கரைசலைச் சூடாக்கியே அடினினைப் பெற்றுக் காட்டினார். உயிர் தோன்றுவதற்கு முந்தைய பூமியில் இது எளிதில் உருவாகியிருக்கக்கூடிய பொருள் என்னும் கருத்துக்கு அந்தச் சோதனை வலுச் சேர்த்தது.

இனி அந்த இணைப்புக்கு வருகிறேன். நம் உடலில் எந்த நொடியிலும் இருக்கும் ஏடிபியின் அளவு மிகச் சொற்பம்; ஆனால் அது ஓயாமல் உடைந்து, ஓயாமல் மீண்டும் கட்டப்படுவதால், ஒரு நாளில் புழங்கும் மொத்த அளவைக் கூட்டினால் அது ஏறத்தாழ நம் உடல் எடைக்கே ஈடாகும். இவ்வளவு வேகமான சுழற்சியில் செலவு வரவை மிஞ்சத் தொடங்கினால் அதை உயிரணு எப்படி உணர்கிறது? ஏடிபியின் அளவையே அளந்து பார்ப்பது நல்ல வழியன்று, ஏனெனில் மொத்தத்தில் சொற்பமே என்றாலும் ஏஎம்பியோடு ஒப்பிட்டால் ஏடிபியின் இருப்பு அதிகம், இருப்பு அதிகமாக உள்ள பொருளில் ஏற்படும் சிறிய குறைவு கண்ணில் படாது. நிறைந்த குளத்திலிருந்து ஒரு குடம் நீரை எடுத்தால் கரையில் நிற்பவருக்குத் தெரியாது, ஆனால் அந்தக் குடத்தை வெறுந்தொட்டியில் கவிழ்த்தால் உடனே தெரிந்துவிடும். உயிரணுவில் ஏஎம்பியின் அளவு ஏடிபியைவிடப் பல மடங்கு குறைவு. ஏடிபி பத்து விழுக்காடு சரிந்தாலே ஏஎம்பி பல மடங்கு உயர்கிறது. அந்த ஏஎம்பியிலிருந்து எஞ்சிய ஒற்றைப் பாஸ்பேட்டையும் நொதிகள் கழற்றும்போது அடினோசின் பிறக்கிறது. பாஸ்பேட்டுகளின் மின்சுமை இருக்கும்வரை சவ்வைக் கடக்க முடியாத பொருள், அவை கழன்றதும் சவ்வில் உள்ள கடத்திகள் வழியே வெளியேறிவிடுகிறது. சாதாரண வேளையில் உயிரணுக்களுக்கு வெளியே நானோமோலார் அளவில் மட்டுமே இருக்கும் அடினோசின், இரத்த ஓட்டம் தடைப்பட்ட திசுவில் மைக்ரோமோலார் (ஒரு மைக்ரோமோலார் என்பது ஆயிரம் நானோமோலார்) அளவுக்கு ஏறுகிறது.

இதன் பொருளை முதலில் முழுமையாகக் கண்டவர்களில் ஒருவர் ராபர்ட் பெர்ன். ஆக்சிஜன் போதாத நிலையில் துடிக்கும் இதயத்திலிருந்து வடியும் நீர்மத்தில் இனோசினும் ஹைப்போசாந்தினும் இருப்பதை அவர் கண்டார். இவை அடினோசின் சிதைந்தால் உண்டாகும் பொருள்கள். அதிலிருந்து, இதயத் தசை திணறும்போது அடினோசினை வெளியே விடுகிறது, அது பக்கத்திலுள்ள தமனியை விரிக்கிறது, கூடுதல் இரத்தம் வருகிறது, ஆக்சிஜன் வந்ததும் அடினோசின் குறைகிறது, தமனி பழைய நிலைக்குத் திரும்புகிறது என்னும் கருதுகோளை 1963இல் முன்வைத்தார். ஜெர்மனியில் எக்கேஹார்ட் கெர்லாக்கின் குழுவும் அதே காலத்தில் அதே முடிவை நோக்கி வந்திருந்தது. மூளையின் ஆணைக்கோ, தொலைவிலுள்ள சுரப்பியின் ஹார்மோனுக்கோ காத்திருக்காமல், பசித்த திசு தனக்கு வேண்டியதைத் தானே கேட்டுப் பெறுகிறது. கேட்கும் குரலாக அமைவது செலவழிந்த எரிபொருளின் மிச்சம். இதற்காகத் தனியொரு தூதுப்பொருளைப் படைக்க வேண்டிய தேவையே உயிருக்கு ஏற்படவில்லை. பின்னாளில் வந்த ஆய்வுகள் இந்தச் சித்திரத்தைச் சற்றே திருத்தின: நலமான இதயம் உடற்பயிற்சியின்போது இரத்த ஓட்டத்தைக் கூட்டிக்கொள்வதற்கு அடினோசின் இன்றியமையாதது அன்று, வேறு வழிகளும் சேர்ந்தே இயங்குகின்றன. ஆனால் உண்மையான தட்டுப்பாடு நேரும்போது அதன் பங்கு பெரிது என்பதில் ஐயமில்லை.

அடினோசினைக் கேட்கும் செவிகள் நான்கு. ஏ1, ஏ2ஏ, ஏ2பி, ஏ3 என்று பெயரிடப்பட்ட இந்த ஏற்பிகள் உயிரணுச் சவ்வில் அமர்ந்திருக்கின்றன. எந்தத் திசுவில் எந்த ஏற்பி மிகுந்திருக்கிறதோ அதற்கேற்ப விளைவு மாறுகிறது. இரத்தக் குழாயில் ஏ2 வகை ஏற்பிகள் தசையைத் தளர்த்துகின்றன, அதனால் வரவு கூடுகிறது. இதயத்தின் மின்கணுக்களில் ஏ1 ஏற்பி பொட்டாசியம் வாயில்களைத் திறந்து உயிரணுவை அமைதிப்படுத்துகிறது, அதனால் செலவு குறைகிறது. வழிகள் வேறுபட்டாலும் இரண்டும் தட்டுப்பாட்டைத் தீர்க்கும் திசையிலேயே செல்கின்றன.

ஏ1 ஏற்பியின் வேலையை மருத்துவமனையில் கண்ணால் பார்க்க முடியும். என் அக்காவுக்குத் திடீரென்று நெஞ்சு படபடத்து நிமிடத்துக்கு நூற்றுத் தொண்ணூறு வரை துடிப்பு ஏறியபோது, அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் ஊசி போடுவதற்கு முன் அவளிடம், “அம்மா, சில நொடிகள் நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கும், உயிர் போகிற மாதிரிகூடத் தோணும், உடனே சரியாயிடும், பயப்படாதீங்க” என்று சொன்னார். முழங்கை மடிப்பிலிருந்த இரத்தக்குழாய் வழியே ஆறு மில்லிகிராம் அடினோசின் ஒரே மூச்சில் போயிற்று. அதைத் தொடர்ந்து உப்புநீரும் வேகமாகச் செலுத்தப்பட்டது. திரையில் கோடு சில நொடிகள் தட்டையாகக் கிடந்தது, பிறகு ஒழுங்கான துடிப்பு திரும்பியது. அந்த மூலக்கூறின் அமைப்பைக் கரும்பலகையில் வரைவதே என் தொழில் என்றாலும், அந்தத் தட்டையான கோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க அந்த அறிவு எனக்கு எந்தத் துணிவையும் தரவில்லை. அவ்வகைப் படபடப்பில் மின்துடிப்பு இதய மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையிலுள்ள கணுவின் வழியே வட்டமடித்துக்கொண்டிருக்கிறது. அடினோசின் அந்தக் கணுவைச் சில நொடிகள் மூடிவிடுவதால் வட்டம் அறுந்துபோகிறது. சிவப்பணுக்களும் இரத்தக்குழாயின் உட்சுவரும் அடினோசினை விரைந்து உறிஞ்சிக்கொள்வதால் அதன் அரைவாழ்வு பத்து நொடிக்கும் குறைவு. அவ்வளவு வேகமாகச் செலுத்தினார்கள் என்பதற்கும், அந்த அச்சம் அவ்வளவு விரைவில் கழிந்தது என்பதற்கும் காரணம் ஒன்றே.

ஊசி போடுவதற்கு முன் மருத்துவர் கேட்ட கேள்விகளில் இரண்டு: ஆஸ்துமா உண்டா, இன்று காப்பி குடித்தீர்களா? மூச்சுக்குழாய் சுருங்கும் நோய் உள்ளவர்களுக்கு அடினோசின் அந்தச் சுருக்கத்தைத் தூண்டக்கூடும் என்பதால் முதல் கேள்வி. இரண்டாவது கேள்விக்கான விடை மூளையையும் சேர்த்தது.

பூனைகளின் மூளை அறைக்குள் அடினோசினைச் செலுத்தினால் அவை உறக்க நிலைக்குச் செல்வதை ஃபெல்ட்பெர்க், ஷெர்வுட் ஆகிய இருவரும் 1954இலேயே பதிவு செய்திருந்தார்கள். 1997இல் தார்யா போர்க்கா-ஹெய்ஸ்கானன் உள்ளிட்ட ஹார்வர்டு ஆய்வாளர்கள், பூனைகள் விழித்திருக்கும் நேரம் நீள நீள அவற்றின் முன்மூளையின் அடிப்பகுதியில் அடினோசின் சேர்ந்துகொண்டே போவதையும், உறக்கத்தில் அது குறைவதையும் அளந்து காட்டினார்கள். விழிப்பு என்பது மூளைக்குச் செலவுமிக்க நிலை. செலவின் எச்சமாகச் சேரும் அடினோசின், விழிப்பைத் தாங்கிப்பிடிக்கும் நரம்பணுக்களை ஏ1 ஏற்பி வழியே அடக்குகிறது, உறக்கத்தைத் தூண்டும் அணுக்களை ஏ2ஏ ஏற்பி வழியே ஊக்குகிறது. இரவு பகல் கணக்கை வைத்திருக்கும் உடற்கடிகாரம் தனியே இருக்க, எவ்வளவு நேரம் விழித்திருந்தோம் என்னும் கணக்கில் அடினோசினுக்குப் பெரும்பங்கு உண்டு.

காப்பியிலும் தேநீரிலும் உள்ள காஃபீன், உருவில் அடினினை ஒத்த வளையங்களைக் கொண்டது. அது ஏற்பிகளில் போய் அமர்ந்துகொள்ளும், ஆனால் அவற்றை இயக்காது. அடினோசின் வந்து நின்றாலும் இடமிருக்காது. ஏ2ஏ ஏற்பி இல்லாதபடி வளர்க்கப்பட்ட எலிகளுக்குக் காஃபீன் கொடுத்தாலும் விழிப்பு கூடுவதில்லை என்று 2005இல் காட்டப்பட்டது. நம் காலை டம்ளரின் பயன் எந்த வாயிலில் நிகழ்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. காப்பி களைப்பைப் போக்குகிறது என்று சொல்வது வழக்கம். சேர்ந்த அடினோசின் எதையும் காப்பி அகற்றுவதில்லை, அது பேசுவதைக் கேட்கவிடாமல் செய்கிறது, அவ்வளவே. நாள்தோறும் குடிப்பவர் உடலில் ஏற்பிகளின் எண்ணிக்கை கூடி ஈடுகட்டிக்கொள்கிறது. ஒருநாள் காப்பி இல்லாமல் போனால் மூளையின் இரத்தக்குழாய்கள் விரிந்து தலைவலி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். மாலை ஐந்து மணிக்குக் குடித்த காஃபீனில் ஏறத்தாழப் பாதி இரவு பத்து மணிக்கும் இரத்தத்தில் இருக்கும் என்பதையும், உறக்கம் வரவில்லை என்று வருந்துகிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். இதே ஏ2ஏ ஏற்பியை அடைக்கும் இஸ்ட்ரடெஃபிலின் என்னும் மருந்து, டோபமைன் என்னும் மூளைத் தூதுப்பொருளின் குறையை ஓரளவு ஈடுசெய்வதால், பார்க்கின்சன் நோய்க்கு 2013இல் ஜப்பானிலும் 2019இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது.

இதயமும் மூளையும் நன்கு அறியப்பட்டவை. எனக்கு மிகவும் ஆர்வமூட்டுவது மூன்றாவது களம், அழற்சி. உயிரணு கிழிந்தால் அதன் உள்ளிருக்கும் ஏடிபி வெளியே கொட்டுகிறது. இருக்கக்கூடாத இடத்தில் இருக்கும் ஏடிபியைத் தடுப்பாற்றல் அணுக்கள் ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு திரள்கின்றன. ஆனால் அணுக்களின் வெளிப்பரப்பில் சிடி39, சிடி73 என்னும் இரண்டு நொதிகள் இருந்துகொண்டு அந்த ஏடிபியைப் படிப்படியாக நறுக்கி அடினோசினாக்குகின்றன. அடினோசினோ ஏ2ஏ ஏற்பி வழியே அதே தடுப்பாற்றல் அணுக்களை அடங்கச் செய்கிறது. போருக்கு அழைத்த மூலக்கூறே பாஸ்பேட்டுகளை இழந்ததும் போரை நிறுத்தச் சொல்கிறது. இது ஏட்டளவுச் சிந்தனை அன்று: ஏ2ஏ ஏற்பி இல்லாத எலிகளில், சாதாரண எலிகள் எளிதில் தாங்கிக்கொள்ளும் சிறிய தூண்டல்கூடக் கடுமையான அழற்சியையும் திசு அழிவையும் விளைவித்தது என்று அகியோ ஓட்டாவும் மிக்கேல் சிட்கோவ்ஸ்கியும் 2001இல் காட்டினார்கள்.

முடக்குவாதத்துக்குக் குறைந்த அளவில் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் இந்த வழியைத்தான், ஒரு பங்காவது, பயன்படுத்திக்கொள்கிறது. புற்றுநோய்க்கு எதிராக ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்க உருவாக்கப்பட்ட மருந்து அது. அதை உருவாக்கிய லெடர்லே ஆய்வுக்கூடத்தின் தலைவராக இருந்தவர் சுப்பாராவேதான். அணுக்களுக்குள் அது ஒரு நொதியைத் தடுப்பதால் தேங்கும் இடைப்பொருள், அடினோசின் சிதைவதையும் தடுக்கிறது. மூட்டைச் சுற்றிலும் அடினோசின் கூடி அழற்சி தணிகிறது என்பது புரூஸ் குரோன்ஸ்டைனும் அவருடன் பணிபுரிந்தோரும் நிறுவிய விளக்கம். ஏடிபியைப் பிரித்தெடுத்தவர் தன் வாழ்நாளின் பிற்பகுதியில் உருவாக்கிய மருந்து, அதே ஏடிபியின் எச்சத்தின் வழியே வேலை செய்கிறது என்பதை அறியும்முன்பே, 1948இல், அவர் இறந்துவிட்டார். முடக்குவாதத்துக்கு இதை உட்கொள்ளும் வாசகர்கள் இருந்தால் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: இது வாரத்துக்கு ஒருமுறை எடுக்கவேண்டிய மாத்திரை, தினமும் எடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

தணிக்கும் இந்த ஆற்றலைப் புற்றுக்கட்டிகளும் பயன்படுத்திக்கொள்கின்றன. ஆக்சிஜன் எட்டாத கட்டியின் உட்புறத்தில் அடினோசின் மிகுந்து, தாக்க வரும் டி அணுக்கள் என்னும் வெள்ளணுக்களைச் செயலற்றவை ஆக்குகிறது. ஏ2ஏ ஏற்பியையோ சிடி73 நொதியையோ தடுக்கும் மருந்துகள் பல ஆண்டுகளாகச் சோதனையில் இருக்கின்றன. ஆய்வகத்தில் தந்த நம்பிக்கைக்கு ஈடான பலனை நோயாளிகளிடம் இன்னும் தரவில்லை.

சேர்ந்த அடினோசினை அகற்றும் பணியில் முதன்மையான நொதிகளுள் ஒன்று அடினோசின் டிஅமினேஸ். நம்மூர்ப் பரிசோதனைக் கூடங்களில் ஏடிஏ என்று சீட்டெழுதப்படுவது இதுவே. நுரையீரல் உறையில் நீர் கோத்து வருகிறவருக்குக் காசநோய் இருக்குமோ என்று பார்க்க, அந்த நீரில் ஏடிஏ அளவை எடுக்கிறார்கள். லிட்டருக்கு 40 அலகுக்கு மேல் இருந்தால் ஐயம் வலுக்கிறது. காசநோய்க் கிருமியை எதிர்க்கத் திரண்ட வெள்ளணுக்களிலிருந்து அந்த நொதி வருகிறது.

நொதி கூடினால் நோயைக் காட்டுகிறது என்றால், அது அறவே இல்லாமல் பிறந்தால் என்ன ஆகும் என்பதை எலோயிஸ் கிப்லெட் 1972இல் சியாட்டிலில் கண்டார். கடுமையான தடுப்பாற்றல் குறைபாட்டோடு இருந்த இரண்டு சிறுமிகளின் இரத்தத்தில் அந்த நொதியே இல்லை. அடினோசினும், அதைவிடக் கேடாக, ரைபோஸில் ஓர் ஆக்சிஜன் குறைந்த டிஆக்சி அடினோசினும் தேங்குகின்றன. டிஆக்சி அடினோசின் வெள்ளணுக்களுக்குள் பாஸ்பேட்டுகளை ஏற்றுக்கொண்டு குவிந்து, டிஎன்ஏவுக்கு வேண்டிய மற்ற மூலப்பொருள்களைத் தயாரிக்கும் நொதியை முடக்குகிறது. எல்லா அணுக்களுக்கும் இந்தக் கேடு உண்டு என்றாலும், வேகமாகப் பெருகியே தீரவேண்டிய வெள்ளணுக்கள்தாம் முதலில் அழிகின்றன. குழந்தை சாதாரணக் கிருமிக்கும் இரையாகிறது.

1990 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்திக்கு அவளுடைய வெள்ளணுக்களிலேயே இந்த நொதியின் மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தினார்கள். ஒப்புதலோடு நடந்த முதல் மரபணு மருத்துவம் அது. வெளியிலிருந்து நொதியை ஊசியாகப் பெறுவதையும் அவள் தொடர்ந்ததால் பலனில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினமாயிற்று. பின்னர் வெள்ளணுவை விட்டுவிட்டு அதைப் பிறப்பிக்கும் எலும்பு மச்சையின் தாயணுவிலேயே (ஸ்டெம் செல்) மரபணுவைச் சேர்க்கும் முறை வளர்ந்தது. 2016இல் ஐரோப்பாவில் அவ்வகைச் சிகிச்சை ஒன்றுக்கு ஒப்புதல் கிடைத்தது. 2021இல் அமெரிக்க, பிரிட்டன் குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில், இன்னும் மேம்பட்ட முறையில் சிகிச்சை பெற்ற 50 குழந்தைகளும் உயிரோடிருந்தார்கள். அவர்களில் 48 பேருக்குச் சிகிச்சை நிலைத்திருந்தது. திருத்தப்பட்ட தாயணுக்கள் சிலவே உடலில் ஊன்றினாலும் போதுமானதாக இருப்பதற்குக் காரணம் அடினோசினின் வேதியியலிலேயே இருக்கிறது: நொதியுள்ள வெள்ளணு தன்னுள் சேரும் நஞ்சை உடைத்துக்கொண்டு பெருகுகிறது, நொதியற்றது பெருக முடியாமல் மடிகிறது, ஆகவே சில மாதங்களில் இரத்தத்தில் சுற்றும் டி அணுக்களில் பெரும்பாலானவை திருத்தப்பட்டவற்றின் வழித்தோன்றல்களாகவே ஆகிவிடுகின்றன.